சுடுதண்ணீரில் உப்பு ஏன் கூடுதலாகக் கரையவில்லை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோடு வீட்டில் உட்கார்ந்து ஒரு சோதனை செய்து பார்த்திருக்கிறார். 100 மி.லி. தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடைபோட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் 36 கிராம் வரை கரைந்ததாம், அதற்கு மேல் போட்டது அடியில் தங்கிவிட்டதாம். கொதித்து இறக்கிய தண்ணீரில் அதையே செய்தபோது கூடுதலாகப் போனது இரண்டு கிராமோ மூன்று கிராமோதான். "சூடாக்கினால் அதிகம் கரையும் என்றுதானே படித்தோம், எங்கே தப்பு பண்ணினோம்? நன்றாகப் பொடித்துப் போட்டு, இன்னும் வேகமாகக் கிளறியிருந்தால் கூடக் கரைந்திருக்குமா? சோடா மட்டும் ஏன் சூடானால் காஸை விட்டுவிடுகிறது?" இவைதான் கேள்விகள்.

நீங்கள் தப்பே பண்ணவில்லை. உங்கள் சமையலறைத் தராசு சரியாகத்தான் காட்டியிருக்கிறது. சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, 0 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீருக்கு 35.7 கிராம் கரையும், 25 டிகிரியில் 36 கிராம், 100 டிகிரியில் 39 கிராம் சொச்சம். பனிக்கட்டித் தண்ணீரிலிருந்து கொதிநீர் வரை போனாலும் ஏறுவது மூன்றரை கிராம்தான். நான் சில வருடம் தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தின் சோதனைக்கூடத்தில் இருந்தவன், அப்புறம் நெடுநாளாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த ஒரு விஷயத்தைக் கையால் செய்து பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துவிடுவோம், இது பிரியாத வரை மீதி எதுவும் தெளியாது. ஒரு பொருள் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பது ஒன்று, மொத்தம் எவ்வளவு கரையும் என்பது இன்னொன்று. கல்லுப்பைக் குழம்பில் போட்டால் கரைய நேரமாகிறது, தூள் உப்பு உடனே கரைந்துவிடுகிறது. காரணம் தூளில் தண்ணீர் தொடுகிற பரப்பு அதிகம், கரைவது முழுக்க மேற்பரப்பில்தானே நடக்கிறது. கிளறுவதும் அப்படித்தான். உப்புக் கல்லைச் சுற்றி உடனடியாக ஒரு கெட்டியான உப்புத்தண்ணீர்ப் படலம் உண்டாகிவிடும், கரண்டி போய் அதை விலக்கிப் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்து விடுகிறது. ஆனால் பொடித்தாலும் கிளறினாலும் அந்த 36 கிராம் 37 ஆகாது. ராத்திரி முழுக்க ஆள் வைத்துக் கிளறினாலும் ஆகாது. சூடு மட்டும்தான் இரண்டு பக்கமும் கை வைக்கும். வேகத்தை எப்போதும் கூட்டும், அளவைச் சில பொருள்களுக்கு ஏகமாகக் கூட்டும், சிலவற்றுக்குக் கொஞ்சம் கூட்டும், சிலவற்றுக்குக் குறைத்தேவிடும்.

சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் பார்த்துவிடுவோம். தமிழில் நாம் மாவைக் கரைக்கிறோம், புளியைக் கரைக்கிறோம், பிள்ளையாரைக்கூடக் கொண்டுபோய்க் கடலில் கரைக்கிறோம். வேதியியல் கணக்கில் இவை மூன்றும் முழுக்கக் கரைதல் இல்லை. கோதுமை மாவு தண்ணீரில் மிதந்து நிற்கிறது, விட்டுவைத்தால் அடியில் படியும். களிமண் பிள்ளையார் பிரிந்து சேறாகிறார். புளியில் புளிப்பும் சர்க்கரையும் நிஜமாகவே கரைகின்றன, சக்கை கரைவதில்லை, அதைத்தான் பிழிந்து எறிகிறோம். நிஜமாகக் கரைந்தது தெளிவாக இருக்கும், எத்தனை நாள் வைத்தாலும் படியாது, வடிகட்டியில் சிக்காது. உருகுவதும் வேறு. சர்க்கரையை வெறும் வாணலியில் போட்டுச் சூடாக்கினால் உருகுகிறது, தண்ணீரில் போட்டால் கரைகிறது. முதலாவதற்குச் சூடு மட்டும் போதும், இரண்டாவதற்கு இன்னொரு பொருளின் துணை வேண்டும்.

சரி, உப்புக்குள் என்ன நடக்கிறது? ஒரு உப்புக் கல் என்பது சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி அடுக்கிய கட்டடம். ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின், இரண்டும் ஒன்றையொன்று பலமாக இழுத்துப் பிடித்திருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறோ நேர்கோடாக இல்லாமல் வளைந்தது, ஆக்ஸிஜன் பக்கம் லேசான எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின். ஆக்ஸிஜன் முகத்தைக் காட்டி ஒரு கூட்டம் சோடியத்தைச் சூழ்ந்துகொள்கிறது, ஹைட்ரஜன் முகத்தைக் காட்டி இன்னொரு கூட்டம் குளோரைடைச் சூழ்கிறது. இரண்டு மின்னூட்டங்களுக்கு நடுவே தண்ணீர் வந்துவிட்டால் அவற்றுக்கு இடையேயான இழுப்பு சுமார் 80-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எண்ணெய்க்கு இந்த வேலை தெரியாது, அதன் மூலக்கூறில் அப்படிப்பட்ட முகங்கள் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் எண்ணெயில் போட்ட உப்பு போட்டபடியே கிடக்கிறது.

இதற்கு ஒரு வரவு செலவு உண்டு. 58.5 கிராம் உப்பின் (இந்த அளவைத்தான் வேதியியலில் ஒரு மோல் உப்பு என்பார்கள்) கட்டடத்தை இடித்து அயனி அயனியாகப் பிரிக்க 787 கிலோ ஜூல் செலவு. அந்த அயனிகளைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும்போது திரும்பி வருவது சுமார் 783 கிலோ ஜூல். எவ்வளவு பெரிய தொகைகள், வித்தியாசம் பாருங்கள், வெறும் நான்கு! அந்த நான்கையும் தண்ணீரின் சூட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அதனால் உப்பு கரையும்போது தண்ணீர் மிக லேசாகக் குளிர்கிறது. செலவுக் கணக்கில் சிறு நட்டமாக இருந்தும் ஏன் கரைகிறது என்று கேட்பீர்கள். ஒரே ஒழுங்கில் அடுக்கியிருப்பதற்கு ஒரு வழிதான் இருக்கிறது, தண்ணீர் முழுக்கச் சிதறிக் கிடப்பதற்குக் கணக்கில்லாத வழிகள் இருக்கின்றன. தற்செயலாக ஆடிக்கொண்டே இருக்கும் துகள்கள் வழி அதிகமுள்ள பக்கத்துக்கே போய்ச் சேரும். சீட்டுக்கட்டைக் கலைக்கும்போது அது தானாக வரிசைக்கு வராமல் கலைந்துகொண்டே போவது மாதிரி.

உங்கள் கேள்விக்கான பதில் இந்த நான்கு கிலோ ஜூலில்தான் இருக்கிறது. கரையும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் பொருளுக்கு வெளியிலிருந்து வெப்பம் கொடுத்தால் கூடுதலாகக் கரையும். எவ்வளவு அதிகம் எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு அதிகமாகச் சூட்டுக்கு அசையும். உப்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம், ஆகவே அசைவதும் கொஞ்சம்.

இதற்கு நேர் எதிரே இருப்பது வெடியுப்பு, பொட்டாசியம் நைட்ரேட். ஒரு மோலுக்குச் சுமார் 35 கிலோ ஜூல் எடுத்துக்கொள்கிறது, உப்பைப் போல எட்டு, ஒன்பது மடங்கு. 0 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 13 கிராம்தான் கரையும், 100 டிகிரியிலோ 240 கிராமுக்கு மேல். அது கரையும்போது தண்ணீர் எவ்வளவு குளிரும் என்பதற்கு அக்பர் அரண்மனையே சாட்சி. வெடியுப்புக் கரைத்த தண்ணீருக்குள் குடிநீர்க் குடுவையை வைத்துச் சுழற்றிக் குளிர்வித்தார்கள் என்று அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதிவைத்திருக்கிறார். யூரியாவிலும் இதைப் பார்க்கலாம். இலைவழித் தெளிப்புக்காக வாளித் தண்ணீரில் யூரியாவைக் கொட்டிக் கலக்கிய விவசாயி யாரைக் கேட்டாலும் வாளி ஜில்லென்று ஆவதைச் சொல்வார்.

இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு பெரிய தொழிலே நடந்தது. பீகாரில் மண்ணிலிருந்து எடுத்த வெடியுப்பைத்தான் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் வெடிமருந்துக்காகக் கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டு போயின. அந்த மண்ணில் வெடியுப்போடு சாதாரண உப்பும் கலந்திருக்கும். எப்படிப் பிரிப்பது? குறைந்த தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து ஆறவிட வேண்டும். ஆற ஆற வெடியுப்பு படிகமாக வெளியே விழும், சாதாரண உப்புக்கோ சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் ஏறக்குறைய ஒன்று, அது கரைசலிலேயே தங்கிவிடும். நீங்கள் வீட்டில் கண்ட அந்த "வெறும் இரண்டு மூன்று கிராம்" இல்லாவிட்டால் இந்த வித்தை பலித்திருக்காது.

இதே காரணத்தால் கடல் உப்பைக் குளிரவைத்து எடுக்க முடியாது, தண்ணீரை ஆவியாக்கித்தான் எடுத்தாக வேண்டும். உப்பளத்தில் இதைப் பார்க்க வேண்டும், கரைதிறன் என்ற பாடம் ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு, அதில் பெரும்பங்கு சாதாரண உப்பு, மீதி மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் வகையறா. நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே வெயிலில் காயவிடுவார்கள். அடர்த்தியைப் போமே டிகிரியில் அளப்போம், மிதவை ஒன்றை விட்டுப் பார்த்தால் தெரியும். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். காயக் காய முதலில் சுண்ணாம்புச் சத்து பிரியும், 13 டிகிரி தாண்டினால் ஜிப்சம் படியத் தொடங்கும், ஏனென்றால் ஜிப்சம் நல்ல தண்ணீரிலேயே லிட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம்தான் கரையும். 25 டிகிரி வந்ததும் உப்பு பூக்க ஆரம்பிக்கும். அந்த நேரம் பாத்திக்குப் பாத்தி மாற்றுவதில்தான் தொழிலாளியின் திறமை, ஜிப்சத்தை முந்தைய பாத்தியிலேயே விட்டுவிட்டு உப்பை மட்டும் கடைசிப் பாத்தியில் விழவைக்க வேண்டும். 29, 30 டிகிரிக்கு மேல் போகவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து விழுந்து உப்பு கசக்கும், சாக்கில் வைத்தால் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் அந்தக் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். எவ்வளவு அளவு இருக்கிறது என்பதைவிட எது தன் எல்லையை முதலில் தொடுகிறது என்பதே யார் முதலில் வெளியேறுவது என்று முடிவு செய்கிறது. கடல்நீரில் ஜிப்சம் உப்பைவிட எவ்வளவோ குறைவு, ஆனாலும் அதன் எல்லை மிகச் சிறியது, உப்புக்கு முன்னால் அதுதான் விழும். காலை வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்கிறவர்களின் கால்களை அந்த அடர்ந்த நீர் எப்படி அரிக்கிறது என்று பார்த்தவன் நான், உப்புக் கரைசல் என்ற சொல்லைக் கேட்டால் இன்னமும் அந்தக் கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

இனிச் சர்க்கரை. 100 கிராம் தண்ணீரில் அறை வெப்பத்திலேயே 200 கிராம், கொதிநீரில் 480 கிராமுக்கு மேல். சர்க்கரையில் அயனி கிடையாது, மூலக்கூறு முழுசாகவே தண்ணீருக்குள் போகிறது, அதன் மேல் நெடுக இருக்கும் ஹைட்ராக்ஸில் கைகள் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்கின்றன. சூட்டில் இவ்வளவு கூடுதலாகக் கரைவதால்தான் நமக்குப் பாகு கிடைக்கிறது. சூடாக இருக்கும்போது எல்லாம் கரைந்து நிற்கும், ஆறியதும் எல்லைக்கு மேல் நிற்கிற சர்க்கரைக்கு வெளியேறியாக வேண்டிய நிலை, ஆனாலும் உடனே வெளியேறாது. முதல் படிகம் உண்டாக ஒரு பிடிமானம் வேண்டும். இப்படிக் கொள்ளளவுக்கு மேல் சுமந்துகொண்டு நிற்பதை அதிதெவிட்டிய கரைசல் என்கிறோம். பாயசம் திகட்டுவதற்கு நாம் சொல்லும் தெவிட்டல்தான் இது, கலைச்சொல் போட்டவர் யாரோ ரசித்துப் போட்டிருக்கிறார்.

பனங்கற்கண்டு செய்கிறவர்கள் இந்த நிலையைக் கைக்குள் வைத்திருக்கிறார்கள். பதநீரைப் பாகாகக் காய்ச்சி, உள்ளே நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, ஆடாமல் அசையாமல் ஒரு மாதத்துக்கும் மேல் விட்டுவைப்பார்கள். நூல்தான் பிடிமானம், மெதுவாக அதில் கற்கண்டு கட்டும். அவசரப்பட்டுக் கலக்கினால் கற்கண்டு இல்லை, மணல் மாதிரி பொடிதான். குலாப் ஜாமூன் பாகு பூத்துப் போவதும் இதே கதையின் வேண்டாத பக்கம், பாத்திர விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தால் போதும், மொத்தமும் பூத்துவிடும். அதற்கு அம்மாமார் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்கள் பாருங்கள், அது வெறும் ருசிக்காக இல்லை. அமிலமும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் கொஞ்சத்தைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கின்றன, வேறு வேறு வடிவ மூலக்கூறுகள் நடுவில் நுழைந்தால் படிகத்துக்கு வரிசை கட்ட வராது. தேன் உறைந்தால் கலப்படம் என்று தூக்கி எறிகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், அதிதெவிட்டிய கரைசல், அதில் குளுக்கோஸ் மெல்லப் படிகமாவது இயல்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் திரும்பக் கரைந்துவிடும்.

சூடாக்கினால் குறைவாகக் கரைகிற பொருளுக்கு வருவோம். சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, 100 மி.லி. பனித்தண்ணீரில் 0.19 கிராம் கரையும், கொதிநீரில் 0.07 கிராம்தான். அது கரையும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது, ஆகவே வெளியிலிருந்து வெப்பம் வந்தால் கரைவது பின்வாங்குகிறது. (கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றும்போது குபுகுபுவென்று பொங்குகிறதே அந்தச் சூடு வேறு, அது கரைவதால் வருவதில்லை, தண்ணீரோடு நடக்கும் வேதிவினை.) தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஒரு குழாயில் ஊற்றிச் சூடாக்கினால் லேசாகக் கலங்கும், பள்ளியிலேயே செய்து காட்டலாம்.

கீசரிலும் கெட்டிலிலும் படியும் வெள்ளைப் பொருக்கும் சூட்டால் வருவதுதான், வழி கொஞ்சம் வேறு. போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும், அதைக் கரைந்த நிலையில் வைத்திருப்பது தண்ணீரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு. சூடாக்கினால் அந்த வாயு ஓடிவிடுகிறது, கால்சியம் கார்பனேட் தனித்து விடப்படுகிறது, அதுவோ லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் கரையும். படிந்ததை எலுமிச்சையோ வினிகரோ விட்டுக் கழுவினால் போய்விடும்.

வாயு என்றதும் உங்கள் சோடாக் கேள்வி. திடப்பொருளில் ஆளுக்கு ஒரு மாதிரி என்று பார்த்தோம், வாயுக்கள் தண்ணீரைப் பொறுத்தவரை, நாம் புழங்கும் வெப்பநிலைகளில், ஏறக்குறைய எல்லாமே சூட்டில் குறைவாகத்தான் கரையும். வாயு மூலக்கூறு ஏற்கெனவே சுதந்திரமாகத் திரிகிறது, பிரித்தெடுக்கும் செலவே இல்லை, தண்ணீருக்குள் அடங்கும்போது வெப்பத்தை விட்டுவிட்டு அடங்குகிறது, சூடு கொடுத்தால் கிளம்பிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தின் அளவு அழுத்தத்தில் லிட்டருக்கு 0 டிகிரியில் 3.3 கிராம் கரையும், 25 டிகிரியில் அதில் பாதிகூட இல்லை, 1.45 கிராம். ஐஸில் வைத்த சோடா நாக்கில் கடிப்பதும் வெயிலில் நின்ற சோடா சப்பென்று போவதும் இதனால்தான். அப்புறம் அழுத்தம். உப்பும் சர்க்கரையும் அழுத்தத்துக்கு அசையவே மாட்டா, வாயுக்கோ அதுதான் எல்லாம். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் கரையும் வாயுவும் இரண்டு மடங்காகும், மான்செஸ்டர்க்காரர் வில்லியம் ஹென்றி 1803-ல் கண்டுசொன்னது. கோலி சோடாவில் அந்தக் கோலியை மேலே நிறுத்தி வைத்திருப்பதே உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம்தான், கட்டைவிரலால் கோலியைத் தட்டி உள்ளே தள்ளியதும் அழுத்தம் விழுகிறது, கரைந்திருந்தது பொங்கிக்கொண்டு வருகிறது.

இது சோடாவோடு நிற்பதாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் நியோஸ் என்றொரு ஏரி, இருநூறு மீட்டர் ஆழம். அடியில் எரிமலைப் பாறை வழியே கசிந்த கார்பன் டை ஆக்சைடு, மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தால் அடித்தண்ணீரில் ஏராளமாகக் கரைந்து கிடந்தது. 1986 ஆகஸ்ட் 21 இரவு ஏதோ ஒன்று அந்த அடுக்கைக் கலைத்தது. கொஞ்சம் அடித்தண்ணீர் மேலே வந்தது, அழுத்தம் குறைந்து வாயு பிரிந்தது, பிரிந்த குமிழ்கள் இன்னும் தண்ணீரை இழுத்துக்கொண்டு மேலே வந்தன. ஏரி முழுக்கத் திறந்த சோடா பாட்டில் ஆகிவிட்டது. காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளத்தாக்குகளில் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த 1,700-க்கும் அதிகமானவர்களை மூச்சடைக்க வைத்துக் கொன்றது. 2001 முதல் அந்த ஏரியின் அடிவரை குழாய் இறக்கி வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறார்கள்.

ஆக்ஸிஜனும் இதே விதிதான், ஆனால் அது இல்லாமல் போவதுதான் ஆபத்து. லிட்டர் தண்ணீரில் 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம். கோடையில் வற்றிய ஏரியில் மீன் செத்து மிதந்தால் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும், சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஆக்ஸிஜன். உப்பு கரைந்த தண்ணீரில் வாயுவுக்கு இடம் இன்னும் குறைவு, அதே 30 டிகிரியில் கடல்நீர் சுமார் 6.2 மில்லிகிராம்தான் வைத்திருக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்து நிற்பதில் மும்முரமாகிவிடுகின்றன. இறால் பண்ணைகளில் ராத்திரியெல்லாம் துடுப்புச் சக்கரம் போட்ட ஏரேட்டர்கள் ஓடுவது இந்த ஒன்றிரண்டு மில்லிகிராமுக்காகத்தான், கரண்ட் போய் ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் விடிவதற்குள் குளமே போய்விடும்.

எதில் எது கரையும் என்பதை வீட்டில் பாட்டிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பலாப்பழம் அரியும் முன் கையில் நல்லெண்ணெய் தடவுவார்கள், பலாப்பால் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு விட்டுக்கொடுக்கும். மிளகாய்க் காரம் வாயில் ஏறினால் தண்ணீர் குடித்து எந்தப் பயனும் இல்லை, காப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், தயிரோ பாலோதான் உதவும். சீரகம், பெருங்காயம் எல்லாம் எண்ணெயில் தாளித்துக் கொட்டுவதும் அவற்றின் வாசனைப் பொருள்கள் எண்ணெயில்தான் இறங்கும் என்பதால். முனைவுள்ளது (மேலே தண்ணீருக்குச் சொன்ன நேர்மின், எதிர்மின் முகங்கள் உள்ளது) முனைவுள்ளதில் கரையும், இல்லாதது இல்லாததில் கரையும் என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சில மூலக்கூறுகளுக்கு இரண்டு முனையும் உண்டு. எத்தில் ஆல்கஹால் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், அதன் கார்பன் வாலை இரண்டிலிருந்து நான்காக நீட்டினால் 100 மி.லி.க்கு எட்டு கிராம் போலத்தான் கரையும், ஆறாக நீட்டினால் ஒரு கிராம்கூட இல்லை.

தண்ணீரில் ஏற்கெனவே என்ன கரைந்திருக்கிறது என்பதும் கணக்கில் உண்டு, இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல் கறை படிந்து, எலும்பு வளைந்து, நடுவயதிலேயே முதுகு கூனிப்போனவர்களை அந்த ஊர்களில் பார்க்கலாம். ஃபுளோரைடு பாறையிலிருந்து வருகிறது. கால்சியம் நிறைய இருக்கும் தண்ணீரில் அது அதிகம் தங்க முடியாது, கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்தால் கரையாத கால்சியம் ஃபுளோரைடாகப் பிரிந்துவிடும். தண்ணீரில் கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்தால் அந்தத் தடை இல்லை, ஃபுளோரைடு ஏறிக்கொண்டே போகும். ஆக, குடித்தால் மென்மையாக, சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீர் அந்த வட்டாரத்தில் கெடுதலாகவும் இருக்கலாம். நாக்கை நம்பாமல் சோதித்துப் பார்க்க வேண்டும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரை அங்கே கொண்டுபோனதே இதற்காகத்தான். இதைப் பொது அயனி விளைவு என்று படித்துவிட்டு மறந்துவிடுகிறோம், மாணவர்களிடம் சொல்லும்போது நான் தருமபுரியை வைத்துத்தான் தொடங்குவேன்.

மருந்துக்கு வருகிறேன், இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற நல்ல மருந்தைக் குழந்தைகள் குடிக்கும்படி திரவமாக்க நினைத்தார்கள். அது தண்ணீரில் சரியாகக் கரையவில்லை. இனிப்பாக இருக்கிறது, நன்றாகக் கரைக்கிறது என்று டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள், அது சிறுநீரகத்தை அழிக்கும் விஷம், யாரும் முன்கூட்டிச் சோதிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய. அடுத்த வருடமே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்ததும் இதே விஷத்தால்தான், அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். மருந்தைக் கரைக்கும் திரவத்தையும் மருந்தளவு கவனமாகச் சோதிக்க வேண்டும் என்பது 1937-லேயே தெரிந்த விஷயம், படிக்கும்போதே வயிறு எரிகிறது. இன்னொரு சம்பவம், இதில் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் வேதியியல் ஆச்சரியமானது. எச்ஐவிக்கான ரிட்டோனாவிர் மருந்து சந்தைக்கு வந்து இரண்டு வருடம் கழித்து, 1998-ல், அதே மூலக்கூறு இன்னொரு விதமாக அடுக்கிய புதுப் படிகமாக உருவாகத் தொடங்கியது. மூலக்கூறில் ஒரு அணுகூட மாறவில்லை, அடுக்கு மட்டும் இறுக்கமானது, கரைதிறன் பல மடங்கு விழுந்துவிட்டது, அந்தக் காப்சூலையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கட்டடத்தை இடிக்கும் செலவு என்று மேலே உப்புக்குச் சொன்னேனே, அந்தச் செலவு கூடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கடைசியாக மகளுக்கு இன்னொரு சோதனை. 36 கிராம் தாண்டி அடியில் உப்புத் தங்கிய அந்தக் கரைசலைத் தெளியவைத்து ஒரு பாட்டிலில் ஊற்றுங்கள். பெரிய கல்லுப்பு ஒன்றை எடுத்து ஒரு மூலையை உடைத்துவிட்டு, எடைபோட்டு, போட்டோ எடுத்து, நூலில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். தண்ணீர் ஆவியாகாமல் இறுக மூடிவிட வேண்டும், இது முக்கியம். சில வாரம் கழித்து எடுத்துத் துடைத்து மறுபடி எடைபோடுங்கள், எடை ஏறக்குறைய அதேதான் இருக்கும், உடைந்த மூலையின் வடிவம் மாறியிருக்கும். தெவிட்டிய கரைசலில் கரைவது நின்றுவிடுவதில்லை, வெளியே போகிற அயனிகளும் திரும்பி வந்து ஒட்டுகிற அயனிகளும் சமமாக இருக்கின்றன, அவ்வளவுதான். இதற்குச் சர்க்கரையோ படிகாரமோ வேண்டாம், பகல் சூட்டில் கொஞ்சம் கரைந்து ராத்திரிக் குளிரில் படிந்து எடை குளறுபடியாகிவிடும். உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று மகளையே சொல்லச் சொல்லுங்கள், அவள் தராசில் பார்த்த அந்த இரண்டு மூன்று கிராம்தான் பதில்.